எண்ணெய் அல்லாத எண்ணெய்

ஐப்பசி மாதத்தில் உப்புச் சாடியை மூடாமல் வைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காலையில் பார்த்தால் உப்புக் கசிந்து, சாடியின் அடியில் தண்ணீர் நிற்கும். காற்றில் கலந்திருக்கும் ஈரத்தை உப்பு தானாகவே வாங்கி வைத்துக்கொள்கிறது. வெல்லத்துக்கும் இந்தச் சுபாவம் உண்டு. ஆகையினால்தான் மழைக்காலம் வருமுன்பே சாடிகளுக்கெல்லாம் இறுக்கமான மூடி தேடுகிறோம்.

மோட்டார் வண்டிக்குள்ளும் அத்தகைய சாடி ஒன்று இருக்கிறது. எஞ்சினை மூடியிருக்கும் பானட்டைத் தூக்கிப் பார்த்தால், ஓட்டுகிறவர் உட்காரும் பக்கத்தில் உள்ளங்கை அளவுள்ள பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று தென்படும். அதிலுள்ள திரவத்தைப் பட்டறைக்காரர்கள் 'கிளச் ஆயில்' என்பார்கள். அது எண்ணெயும் அன்று. என்றென்றும் அப்படியே இருக்கக்கூடியதும் அன்று. இந்த உண்மையை நான் அறிந்துகொண்டது புத்தகத்தின் மூலம் அல்ல. ஜவ்வாது மலைப் பாதையில், ஒரு கிழவியின் உயிரைப் பணயமாக வைத்து அறிந்துகொண்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏனெனில், நான் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியன்.

மலைப் பாதையில் நடந்தது

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. சந்தனத்துக்கும், பலாவுக்கும், தேனுக்கும், சாமைக்கும் பேர் போன மலை. மலையாளிகள் என்று வழங்கும் பழங்குடி மக்கள் இங்கே தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்து வாழ்கிறார்கள். கேரள தேசத்தாருக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. இவர்கள் பேசுவது தமிழே. மலையின் மற்றொரு பக்கத்தில், காவலூரில், வைணு பாப்பு வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கிக்கு 1986-ஆம் ஆண்டில் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. மேகம் மூடும் மாதங்களில் அந்தப் பெரிய தொலைநோக்கியும் வானத்தைக் காண முடியாமல் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த மாதங்களிலும் மலை ஏறி இறங்காமல் முடிவதில்லை.

எங்கள் ஜாகை ஜமுனாமரத்தூரில். சமவெளியிலுள்ள போளூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அதில் மலைப் பாதை வளைவுக்கு மேல் வளைவாக இறங்குகிறது. ஒவ்வொரு வளைவிலும் கியரை மாற்ற வேண்டும். கியரை மாற்றும் ஒவ்வொரு தடவையும் கிளச்சை மிதிக்க வேண்டும். சமவெளியில் ஒரு நாள் முழுதும் ஓட்டினாலும் கிளச்சுக்கு அவ்வளவு வேலை இராது.

ஒரு கார்த்திகை மாதத்து விடியற்காலம். அண்டை வீட்டுப் பாட்டிக்கு மூச்சுத் திணறல் கண்டது. உடனே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதே நல்லது என்று வைத்தியம் பார்த்தவர்கள் சொன்னார்கள். எங்கள் பழைய டீசல் வண்டியில் பாட்டியையும், அவள் மகனையும், துணைக்கு என் மனைவியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சில நாட்களாகவே கிளச் பெடல் சற்று 'மெத்'தென்று இருந்தது உண்மை. பின் கியர் விழும்போது 'கர்'ரென்று ஒரு முனகல் கேட்டதும் உண்மை. "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று நான் தள்ளிப் போட்டதும் உண்மை.

பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவுக்கு முன்னால் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றுவதற்காகக் கிளச்சை மிதித்தேன். பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரையைத் தொட்டது. மேலே திரும்பவும் இல்லை. மூன்றாவது கியர் கழன்றுவிட்டது, இரண்டாவது விழவில்லை. எஞ்சினின் பிடி விட்டுப் போன வண்டி சரிவில் வேகம் எடுக்கத் தொடங்கியது. நல்ல வேளையாகப் பிரேக் பிடித்தது. மலைச் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தினேன். ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் பள்ளம். பின் ஆசனத்தில் மூச்சுக்குத் தவிக்கும் கிழவி. அங்கே நின்ற முக்கால் மணி நேரம் எனக்கு முக்கால் யுகமாக இருந்தது. பிறகு சாமை மூட்டை ஏற்றி வந்த வேன் ஒன்று பாட்டியை ஏற்றிக்கொண்டு போயிற்று. பாட்டி பிழைத்துக்கொண்டாள். அந்த வேன் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்க இப்போதும் மனம் துணிவதில்லை.

மத்தியானம் கீழேயிருந்து ஒரு வயதான மெக்கானிக் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். கிண்ணத்தின் மூடியைத் திறந்தார். உள்ளே இருந்தது டிகாஷன் காப்பியைப் போல் கறுத்துக் கிடந்தது.

"சார், இதை மாத்தி எத்தினி வருஷம் ஆச்சு?" என்று கேட்டார்.

"மாற்ற வேண்டுமா என்ன? குறைந்தால் ஊற்றினால் போதாதா?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புள்ளைங்களுக்கு நீங்க என்ன சார் பாடம் எடுக்கிறீங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

பாஸ்கல் விதியும் ஆமணக்கெண்ணெயும்

கேள்வி நியாயமானதே. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்தில் வாழ்ந்த பாஸ்கல் என்ற அறிஞரின் விதியை நான் வருஷந்தோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். மூடிய பாத்திரத்தில் அடைபட்ட திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்பதே அது. இங்கிலாந்தில் ஜோசப் பிராமா 1795-ஆம் ஆண்டில் உரிமை பெற்ற நீரழுத்த யந்திரத்துக்கும் இதுவே அடிப்படை. சிறிய குழாயில் கொடுத்த அழுத்தம் பெரிய குழாயில் பல மடங்கு பலமாக வெளிப்படுகிறது.

காரின் கிளச்சிலும் இதுவேதான் நடைபெறுகிறது. எஞ்சின் சுழன்றுகொண்டே இருக்கும். கியரை மாற்றும் ஒரு கணத்துக்கு மட்டும் சக்கரங்களுக்கும் எஞ்சினுக்கும் உள்ள தொடர்பைத் துண்டிக்க வேண்டும். இந்த வேலையைச் செய்வது கிளச். நாம் பெடலை மிதித்தால் 'மாஸ்டர் சிலிண்டர்' என்ற சிறு குழாய்க்குள் பிஸ்டன் நகர்ந்து திரவத்தைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் மெல்லிய குழாய் வழியாகக் கியர்ப் பெட்டியருகே உள்ள 'ஸ்லேவ் சிலிண்டரை' அடைகிறது. அங்குள்ள பிஸ்டன் வெளியே வந்து ஒரு நெம்புகோலைத் தள்ள, கிளச் பிரிகிறது. பழைய மாருதி 800 போன்ற சிறு கார்களில் திரவத்துக்குப் பதிலாகக் கம்பி வடம் இருக்கும். அவற்றுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது.

திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். ஆகவே, குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழ் புகுந்தாலும் நமது காலின் பலம் அதைச் சுருக்குவதிலேயே கழிந்துவிடும். பெடல் 'மெத்'தென்று இருப்பதன் இரகசியம் இதுதான்.

இத்தகைய திரவ முறை முதலில் புகழ் பெற்றது பிரேக்கில். அமெரிக்காவைச் சேர்ந்த மால்கம் லாக்ஹீட் அதை உருவாக்கினார். 1921-இல் டூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் அத்தகைய பிரேக்குடன் வெளிவந்தது. பிற்காலத்தில் கிளச்சுக்கும் அதே திரவமும் அதே முறையும் வந்து சேர்ந்தன. அந்த ஆரம்ப காலத்துத் திரவங்களில் ஆமணக்கெண்ணெயும் சாராயச் சத்தும் கலந்தவை உண்டு. நம் பாட்டிமார்கள் பேதிக்குக் கொடுத்த அதே ஆமணக்கெண்ணெய்தான்! 'ஆயில்' என்ற பெயர் இன்றும் நிலைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம்.

இன்று பெரும்பாலான வண்டிகளில் இருப்பது கிளைக்கால் என்ற இரசாயன வகையைச் சேர்ந்த திரவம். பெயரை நம்பி எஞ்சின் ஆயிலையோ வேறு எண்ணெயையோ அந்தக் கிண்ணத்தில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஊற்றினால் உள்ளேயிருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிப் பருத்துப் பாழாகிவிடும். பின்னர் சிலிண்டர்களைக் கழற்றி வாஷர்களை எல்லாம் மாற்றினாலொழிய வண்டி நகராது.

ஈரம் செய்யும் கேடு

கிளைக்கால் திரவத்தின் சுபாவம் உப்பின் சுபாவமே. மூடியின் சிறு துவாரம் வழியாகவும், ரப்பர்க் குழாய்களின் ஊடாகவும் அது காற்றின் ஈரத்தை நாளடைவில் குடித்துவிடுகிறது. மூடிப் பத்திரமாக வைத்தாலும் முற்றிலும் தடுக்க முடியாது. மழையும் மூடுபனியும் மிகுந்த மலைப் பிரதேசத்தில் சொல்லவே வேண்டாம்.

இதனால் இரண்டு கேடுகள் விளைகின்றன. முதலாவது, துரு. ஈரம் சேர்ந்த திரவம் சிலிண்டரின் உட்சுவரை அரிக்கிறது. சொரசொரப்பான சுவரில் உரசி உரசி ரப்பர் வாஷர் தேய்கிறது. தேய்ந்த ரப்பரின் பொடியும் அழுக்கும் சேர்ந்து திரவம் கறுக்கிறது. இரண்டாவது, கொதிநிலை தாழ்ந்து போதல். 'டாட் 3' என்று முத்திரையிட்ட புதுத் திரவம் குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேட் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது விதி. 'டாட் 4' என்பதற்கு 230 டிகிரி. ஆனால் நூற்றுக்கு 3.7 பங்கு ஈரம் சேர்ந்த நிலையில் இந்த எல்லைகள் முறையே 140, 155 என்று இறங்கிவிடுகின்றன. நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லாத அளவுதான். அதற்கே இவ்வளவு வித்தியாசம்! கொதித்தால் ஆவி, ஆவி என்றால் காற்றுக் குமிழைப் போலவே சுருங்கும் பொருள். பிரேக்குக்கு இது மிகப் பெரிய அபாயம். எஞ்சினின் சூட்டுக்கு அருகிலுள்ள கிளச்சுக்கும் ஆகாது.

என் வண்டியில் நேர்ந்தது முதல் வகைக் கேடு. வாஷர் தேய்ந்து, திரவம் கசிந்து, காற்றுப் புகுந்துவிட்டது. உரிய காலத்தில் திரவத்தை மாற்றியிருந்தால் வாஷர் இன்னும் பல வருஷம் உழைத்திருக்கும். பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்ல பழக்கம்; ஆனால் உங்கள் வண்டியின் கைப்புத்தகம் என்ன சொல்கிறதோ அதுவே முடிவு.

வீட்டிலேயே செய்யலாமா?

செய்யலாம். இதற்குப் பெரிய யந்திர சாமர்த்தியம் வேண்டியதில்லை. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு, தாமே ஓட்டித் தொழில் தொடங்கினார். யந்திரத்தைக் கண்டு அஞ்சாமல் திறந்து பார்ப்பதே அவருடைய பெரிய படிப்பாக இருந்தது. அக்காலத்தில் வண்டிகளும் உறுப்புகளும் கடல் கடந்தே வந்தன. இன்றோ, 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா போன்ற தொழிற்சாலைகள் சென்னைப் பாடியிலேயே பிரேக், கிளச் உறுப்புகளைச் செய்கின்றன. நம் ஊரில் செய்த பொருளை நம் கையால் பராமரிக்கத் தயங்குவானேன்?

வேண்டிய சாமான்கள் இவை: கிண்ணத்தின் மூடியில் அச்சிட்டிருக்கும் அதே தரத்துத் திரவம், முத்திரை உடைக்காத புதுப் புட்டியில் அரை லிட்டர், நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பானர் ஒன்று, மீன் தொட்டிக்கு உபயோகிப்பது போன்ற கண்ணாடி நிறக் குழாய் முழ நீளம், ஒரு காலிப் புட்டி, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு, பழந்துணி, கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். தண்ணீர் எதற்கு என்றால், இந்தத் திரவம் பட்ட இடத்தில் வண்டியின் வர்ணம் உரிந்துவிடும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீரால் கழுவிவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது இன்னொரு மனிதர். எங்கள் வீட்டில் அவர் என் மனைவி.

செய்யும் முறை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பிறகு, கை பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள்.

மூடியைச் சுற்றியுள்ள தூசியை முதலில் துடைத்துவிட்டுத் திறவுங்கள். சிரிஞ்சினால் பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, புதியதை மேல் கோடு வரை ஊற்றுங்கள். பிறகு ஸ்லேவ் சிலிண்டரில் உள்ள நிப்பிளைத் தேடி, அதன் ரப்பர் தொப்பியைக் கழற்றி, ஸ்பானரை மாட்டி, அதன் மேல் குழாயைச் செருகுங்கள். குழாயின் மறு முனை, காலிப் புட்டியில் சிறிது ஊற்றிய புதுத் திரவத்தில் மூழ்கியிருக்கட்டும்.

இனி வேலை நான்கு சொல்லில் அடங்கும்: மிதி, திற, மூடு, விடு. ஒருவர் பெடலை மெதுவாகத் தரை மட்டும் மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் நிப்பிளைக் கால் திருகல், அரைத் திருகல் திறக்க, அழுக்குத் திரவம் குழாயில் பாய்ந்து வரும். உடனே நிப்பிளை மூட வேண்டும். மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். தானாக எழும்பாவிட்டால் கையால் தூக்கிவிடலாம். நிப்பிள் திறந்திருக்கையில் பெடலை விட்டால் காற்று உள்ளே ஏறிவிடும், செய்ததெல்லாம் வீண்.

முதல் நாள் எங்களுக்கு நேர்ந்தது அதுதான். நான் "மூடியாச்சு" என்பதற்குள் மேலேயிருந்து கால் எடுக்கப்பட்டுவிட்டது.

"நான் சொல்வதற்குள் ஏன் விட்டாய்?" என்றேன், கீழேயிருந்து.

"நீங்க ஏதோ முனகுனீங்க. 'விடு'ன்னு காதுல விழுந்துச்சுங்க" என்று மேலிருந்து பதில் வந்தது.

அன்று முதல் ஒரு கட்டுப்பாடு ஏற்படுத்திக்கொண்டோம். ஒருவர் சொல்லும் சொல்லை மற்றவர் திருப்பிச் சொன்ன பிறகே காரியம். "மிதி" என்றால் "மிதிச்சாச்சு" என்று பதில் வர வேண்டும். "விடு" என்றால் "விட்டாச்சு" என்று வர வேண்டும்.

ஐந்தாறு தடவைக்கு ஒரு முறை கிண்ணத்தைப் பார்த்துப் புதுத் திரவம் ஊற்றிக்கொண்டே வர வேண்டும். கீழ்க் கோட்டுக்குக் கீழே இறங்க விடலாகாது. கிண்ணம் வற்றினால் காற்றுப் புகுந்துவிடும். குழாயில் குமிழ் இல்லாமல், தேன் நிறமோ நிறமற்றோ தெளிந்த திரவம் வரும்போது வேலை முடிந்தது. நிப்பிளை அளவாக இறுக்குங்கள். பலத்தைக் காட்டினால் மரை உடையும். தொப்பியை மாட்டி, கிண்ணத்தை மேல் கோடு வரை நிரப்பி மூடுங்கள். எஞ்சினைக் கிளப்பி, கிளச்சை மிதித்துப் பின் கியர் போட்டுப் பாருங்கள். முனகல் இல்லாமல் விழுந்தால் சந்தோஷப்படலாம்.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

தைரியம் வேண்டும், அசட்டுத் தைரியம் கூடாது. பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே கிண்ணம் இருக்கும். அதில் சிரிஞ்சையும் நிப்பிளையும் கையாளுவது பிரேக்கையே கையாளுவதற்குச் சமானம். கிண்ணம் வற்றிவிட்டாலோ, பிரேக் பெடல் 'மெத்'தென்று ஆகிவிட்டாலோ வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கை அழையுங்கள். திரவம் மாற்றிய பிறகும் பெடல் தாழ்ந்தே இருந்தாலும், கிண்ணத்தில் அளவு அடிக்கடி குறைந்தாலும், குற்றம் திரவத்தில் இல்லை. வாஷர் தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கேயோ கசிகிறது. அது பட்டறை வேலை. 'டாட் 5' என்ற சிலிக்கோன் திரவத்தைக் கிளைக்கால் திரவத்தோடு கலக்கலாகாது. சில அயல் நாட்டு வண்டிகளுக்குத் தனித் தாது எண்ணெய் உண்டு. மூடியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எதையும் ஊற்றாதீர்கள்.

வீட்டாருக்கு இன்னும் இரண்டு வார்த்தை. இந்தத் திரவம் விஷம். வடித்த பழையதைச் சோடாப் புட்டியில் ஊற்றித் திண்ணையில் வைத்தால், குழந்தை சர்பத் என்று எண்ணிக் குடித்துவிடும். மண்ணிலும் ஓடையிலும் கொட்டுவதும் பாவம். எங்கள் மலை ஓடையில் கொட்டுவது கீழேயுள்ளவர்கள் குடிக்கும் நீரில் கொட்டுவதேயாகும். பெயரெழுதி மூடி, பழைய எஞ்சின் ஆயில் சேர்க்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். திறந்த புட்டியில் மிஞ்சியதை 'அடுத்த தடவைக்கு ஆகும்' என்று வருஷக்கணக்கில் சேமிக்கவும் வேண்டாம். அது சேமிக்கப் போவது ஈரத்தைத்தான்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம், புரட்டாசி முடிவதற்குள் இந்த வேலை நடந்துவிடுகிறது. சென்ற தடவை என் மனைவியே ஸ்பானரை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். நான் ஆசனத்தில் அமர்ந்து, அவள் சொன்ன போது மிதித்து, சொன்ன போது விட்டேன். ஒரு துளி காற்றுக்கூட ஏறவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அண்டை வீட்டுப் பாட்டி சுகமாக இருக்கிறாள். மாதம் ஒரு முறை வைத்தியரைப் பார்க்க எங்கள் வண்டியிலேதான் கீழே இறங்குகிறாள். ஏறுவதற்கு முன் கதவைப் பிடித்துக்கொண்டு, என்னைக் கேட்காமல் என் மனைவியைக் கேட்கிறாள்:

"ஏம்மா, கிளச்சுக்கு எண்ணெய் மாத்தியாச்சா?"

அது எண்ணெய் அன்று என்று நான் ஒவ்வொரு தடவையும் பாட்டிக்கு எடுத்துச் சொல்கிறேன்.